என் அம்மா பேரை எங்கே எழுதினீர்கள்?

மாலை போட வந்தீர்களே அண்ணாச்சி, அன்றைக்கே கேட்டிருப்பேன். வாசலில் பந்தல், தெருவெல்லாம் ஜனம், அம்மா கால்மாட்டில் கிடந்த எனக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. "லட்சுமிக் கைல்லா. இந்தக் கைக்கு ஈடா பம்புளியில இன்னொரு கை கிடையாது" என்று என் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். எனக்குக் கேட்டது. அந்தக் கையை உங்களுக்குத் தெரியும். அது சுற்றிய பீடியைக் கட்டுக் கட்டாக எண்ணி எடுத்தவர் நீங்கள். அப்புறம் ஏன் அந்தக் கைக்குச் சொந்தக்காரியின் பேர் உங்கள் நோட்டில் இல்லை? என் அம்மா பேரை எங்கே எழுதினீர்கள்?

இதை எழுத வேண்டாம் என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். போனவளைச் சந்திக்கு இழுக்காதே என்கிறான் அண்ணன். கடைக்காரரைப் பகைத்துக்கொண்டால் தெருவில் மற்ற பொம்பிளைகளுக்கு இலை கிடைக்காமல் போய்விடும் என்கிறாள் மதினி. அவள் பயப்படுவதில் தப்பில்லை. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு. அம்மாவுக்கும் இருந்தது. வாயைத் திறந்தால் நாளைக்கு இலை இல்லை என்கிற பயத்திலேயே அவள் ஆயுசு முடிந்துபோனது. இனி அவளுக்கு இலை வேண்டாம், தூள் வேண்டாம். எனக்கும் வேண்டாம். நான் பேசுகிறேன்.

பம்புளி என்று நாம் சொல்கிற பண்பொழியில் எங்கள் தெருவில் நின்றால் திருமலைக்கோயில் தெரியும். காலையில் எழுந்ததும் அம்மா மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். அடுத்தது சுளகுதான். ஒன்பது வயதில் அவள் மடியில் ஏறிய சுளகு எழுபதில்தான் இறங்கியது. முந்தின ராத்திரியே நனைத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரிப்பாள். உள்ளங்கையில் ஒரு இலை, அதில் ஒரு சிட்டிகைத் தூள், பெருவிரலால் ஒரு உருட்டு, தலையை மடக்கி, நூலால் ஒரு கட்டு. கண் அதைப் பார்க்காது. கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும், வாய் பாடம் கேட்கும், கை தன்பாட்டுக்கு ஓடும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு ஆயிரம். இலை ஒடிசாக் காட்டிலிருந்து வருகிறதா, மத்தியப் பிரதேசத்திலிருந்து வருகிறதா, எத்தனை மூட்டை, என்ன எடை என்று கம்பெனியில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. இங்கே எடை போட்டுக் கொடுத்த தூளுக்குக் கணக்கு இருக்கிறது. சுற்றியவளுக்கு மட்டும் கணக்கு இல்லாமல் போனது எப்படி?

அம்மா உலகத்தையே ஆயிரமாக அளந்தவள். ஒரு சேலையைக் காட்டினால் "அது ரெண்டாயிரம்ட்டி, அடுத்த தீவாளிக்குப் பாக்கலாம்" என்பாள். ரெண்டாயிரம் ரூபாய் இல்லை. ரெண்டாயிரம் பீடி. அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, தம்பிக்குக் கண்ணாடி போட்டபோது, அப்பா கேரளாவில் வேலைக்குப் போன இடத்திலிருந்து சீக்காளியாகத் திரும்பி வந்தபோது, எல்லாவற்றையும் அவள் மனசுக்குள் பீடியாக மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் "ஆகும்" என்றோ "ஆகாது" என்றோ சொல்வாள். பெரும்பாலும் "ஆகும்" என்றுதான் சொன்னாள். சொன்ன ராத்திரியெல்லாம் அவள் படுத்ததை நாங்கள் பார்த்ததில்லை. அப்பா போன பிறகு மண் சுவர் செங்கல் சுவரானது, ஓடு போய்க் காங்கிரீட் வந்தது. அந்த வீட்டில் எந்தச் செங்கல்லைத் தொட்டாலும் எனக்குப் புகையிலை நாற்றம் வரும்.

எங்கள் நாலு பேருக்கு மட்டும் அவள் தாய் இல்லை. தெருவே அவளை ஆச்சி என்றுதான் கூப்பிட்டது. யார் வீட்டில் பிரசவ வலி என்றாலும் ஆச்சிக்குத்தான் முதல் சொல் வரும். புருஷன் குடித்துவிட்டு அடித்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற இடம் ஆச்சி வீட்டுத் திண்ணை. சீட்டுப் பணத்தில் முடை விழுந்தால் தன் கட்டிலிருந்து போட்டுச் சமாளிப்பாள். பதினைந்து வயதில் கல்யாணம் பேசிய ஒரு பெண்ணை, அவள் அப்பனிடம் சண்டை போட்டுப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதவைத்தாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு நாளைக்கு எத்தனை சுத்தும்?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான் அது. நகை எத்தனை பவுன் என்று கேட்ட கையோடு அதையும் கேட்பார்கள். அம்மா எழுந்துவிட்டாள். "எம் மவளக் கேட்டு வாங்க. சுளகக் கேட்டு வராதிய." காப்பியைக் குடிக்காமலே போனார்கள்.

இத்தனைக்கும் நானும் சுற்றியவள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை மாட்டிவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலை மடக்கிக் கொடுப்பேன். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, பிள்ளைகளை வைத்துச் செய்யக்கூடாத வேலைகளில் பீடி சுற்றுவதையும் சேர்த்தது. குடும்பத்தோடு வீட்டிலிருந்து செய்தால் மட்டும் விலக்கு. பீடி சுற்றுவதே வீட்டில்தானே? அந்த விலக்கில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் விழுந்தோம்.

சாரல் காலத்தைச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும், காற்றோடு தூறல் வரும். உலகமே குற்றாலத்துக்கு வரும். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா, மெயினருவியில் குளிக்க விடுகிறார்களா என்று ஊர் ஊராக விசாரித்து வருவார்கள். நல்லா இருங்கள், குளியுங்கள். ஆனால் அந்த ரெண்டு மூன்று மாதமும் எங்கள் அம்மாமார் வானத்தைப் பார்த்து வயிறு எரிவார்கள். இலை பூத்துப் போகும், தூள் நமுத்துப் போகும், சுற்றிய பீடி காயாது. அடுப்புச் சூட்டில் காயவைத்து, கட்டுக் கட்டாக முந்தானையில் மூடி, நனையாமல் கடைக்குக் கொண்டு போவாள். அங்கே என்ன நடக்கும்? ஒரு கட்டைப் பிரித்து, ரெண்டு பீடியை விரலால் நசுக்கிப் பார்த்து, "நமுத்திருக்கு ஆச்சி" என்று கழித்துப் போடுவார்கள். கழித்த பீடியைத் திருப்பிக் கொடுத்தார்களா? இல்லை. அது ஒரு பக்கம் ஒதுங்கும். அதற்குக் கூலி கிடையாது. அது எங்கே போனது அண்ணாச்சி? கொடுத்த இலையில் பாதி ஓட்டை. அதை வைத்து ஆயிரம் தேறாது. தேறாததற்கு வெளியில் காசு கொடுத்து இலை வாங்கிப் போட்டு ஆயிரத்தை நிரப்பியதும் அவள்தான். ஓட்டை இலை கொடுத்தது யார் தப்பு? மழை பெய்தது யார் தப்பு? ரெண்டுக்கும் என் அம்மா கூலியில் பிடித்தீர்களே.

அவளுக்கும் ஒரு பாஸ்புத்தகம் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் போட்டது. மஞ்சள் அட்டை, மூலையெல்லாம் மடங்கிப்போய், உள்ளே நீல மையில் கட்டுக் கணக்கு. அரிசிப் பானைக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருப்பாள். வீட்டுப் பத்திரம்கூட அவ்வளவு பத்திரமாக இருந்ததில்லை. பிறகு கம்பெனி பேர் மாறுகிறது என்று சொல்லி எல்லாரிடமும் வாங்கினார்கள். "புதுசு எழுதித் தாரோம் ஆச்சி, பழசக் குடுங்க." கொடுத்தாள். புதிது வரவே இல்லை. கேட்டால் அடுத்த மாதம். அடுத்த மாதம் கேட்டால் தைப்பூசம் கழியட்டும். திருமலைக்கோயில் தேர் எத்தனை தைப்பூசத்துக்கு ஓடியது! "அண்ணாச்சி எழுதித் தாரேன்னு சொல்லியிருக்காவட்டி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் இருக்கிற நாலு பாஸ்புத்தகக்காரிகளில் ஒருத்தி பேரில் அவள் கட்டும் ஏறியது. அவள் கை, இன்னொருத்தி பேர். தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் இப்படித்தான் சுற்றினார்கள், இன்றைக்கும் சுற்றுகிறார்கள்.

ஏன் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. பேர் எழுதினால் பி.எஃப். கட்ட வேண்டும். போனஸ் தர வேண்டும். லீவுச் சம்பளம் தர வேண்டும். எழுதாவிட்டால் ஒன்றும் வேண்டாம். ஆச்சி செத்தால் ஒரு மாலை போதும்.

சட்டம் இல்லையா? இருந்தது அண்ணாச்சி. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-இல் வந்தது. அப்போது அம்மாவுக்கு 12 வயது. வீட்டிலிருந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதை எதிர்த்துப் பீடி முதலாளிமார் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1977-இல் பி.எஃப். சட்டத்துக்குள் பீடியும் வந்தது. வீட்டில் சுற்றுகிறவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, காண்ட்ராக்டர் ஆட்கள் என்று மறுபடியும் வழக்கு. வீட்டில் சுற்றினாலும் அவளுக்குப் பி.எஃப். உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றைக்கு என் அம்மாவுக்கு 31 வயது. இன்னும் 27 வருஷம் மிச்சம் இருந்தது, பென்ஷன் வயதான 58-க்கு! டெல்லியில் ஜெயித்த வழக்கு பண்பொழியில் ஒரு மஞ்சள் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லையே. தீர்ப்பு வந்த விஷயத்தை அவளிடம் யார் சொன்னார்கள்? நீங்கள் சொன்னீர்களா? கம்பெனி சொன்னதா? சோதனைக்கு வருகிற ஆபீசர் ஜீப் கடை வாசலில்தானே நிற்கும், எங்கள் திண்ணைப் பக்கம் ஒரு நாளாவது வந்ததா? ஒரு சுளகையாவது பார்த்து, "உன் பேர் என்னம்மா" என்று கேட்டாரா?

நலநிதிக்கும் 1976-இல் சட்டம் வந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று செஸ் வாங்கி, அதில் தொழிலாளி பிள்ளைகளுக்குப் படிப்புப் பணம், வீடு, வைத்தியம். அம்மா சுற்றிய பீடிக்கும் அந்தக் காசு போயிருக்கும்தானே? எங்கள் படிப்புக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. வர வேண்டுமென்றால் அவள் தொழிலாளி என்று காட்ட அட்டை வேண்டும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த செஸ்ஸையும் எடுத்துவிட்டார்கள்.

பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பி.எஃப். பென்ஷன். 2014-இலிருந்து குறைந்தது மாதம் 1000 ரூபாய். ஆயிரம்! அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த எண் அது. ஒவ்வொரு ஆயிரமாகச் சுற்றிக் கொடுத்தவளுக்கு மாதம் ஒரு ஆயிரம் திரும்பி வரவில்லை. முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டோம். ஆண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மனு திரும்பியது.

ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வைத்த பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அம்மா பெருவிரலை வைக்கிறாள், மெஷின் சிவப்பு காட்டுகிறது. துடைத்துவிட்டு வைக்கிறாள், சிவப்பு. ஆள்காட்டி விரல், சிவப்பு. அடுத்த கை, அதுவும் சிவப்பு. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். நான் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். வரி என்று ஒன்றுமே இல்லை. இலையும் நூலும் கத்தரியும் தேய்த்துத் தேய்த்துப் பெருவிரல் நுனி வழவழவென்று, பளபளவென்று இருந்தது. நகக்கண் மட்டும் கறுப்பு. "ரேகையையும் பீடி தின்னுட்டு போலட்டி" என்று சொல்லிவிட்டு, யாருக்கோ தொந்தரவு கொடுத்துவிட்டவளைப் போல வரிசையை விட்டு ஒதுங்கி நின்றாள். பேரைத்தான் நோட்டில் எழுதவில்லை. ரேகையையும் எடுத்துக்கொண்டீர்களே!

கடைசி ரெண்டு வருஷம் இருமல். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" அவள் ஆயுசில் ஒரு பீடியை உதட்டில் வைத்ததில்லை. அடுத்த கேள்வி, "என்ன வேலை பார்த்தாங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்: "வேலைல்லாம் ஒண்ணுமில்ல சார். வீட்லதான் இருந்தாவ."

அண்ணா, உன்னையும் கேட்கிறேன். நீ கோபப்பட்டாலும் கேட்பேன். வீட்டிலா இருந்தாள்? அறுபது வருஷம் தூளைச் சுவாசித்தவளை வீட்டில் சும்மா இருந்தாள் என்று டாக்டரிடம் சொன்னால், அவர் எதற்கு வைத்தியம் பார்ப்பார்? பீடித் தொழிலாளிக்கென்று முக்கூடலில் ஆஸ்பத்திரியே கட்டியிருக்கிறார்கள். தொழிலாளி என்று சொல்லவே நமக்கு வாய் வரவில்லை. நீ படித்து முடித்து நல்ல வேலைக்குப் போனதும், "இனி சுளகைத் தூக்கிப் போடும்மா, எனக்குக் கேவலமா இருக்கு" என்றாயே. சரி, சுளகு கேவலம். மாதம் பிறந்தால் அவள் கைச்செலவுக்கு யார் கொடுத்தது? நீ தம்பியைக் காட்டினாய், தம்பி சின்னவனைக் காட்டினான். அவள் சுளகைத் தூக்கிப் போடாததற்குக் காரணம் உங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் போன பிறகு சந்திமுனையில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தீர்கள். கண்ணீர் அஞ்சலி. அவள் படத்துக்குக் கீழே மகன்கள், மருமகள்கள், மகள், மருமகன், பேரன் பேத்திகள். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் படிப்பு, வேலை, வேலை பார்க்கிற ஊர். அத்தனை பேர் வேலையையும் அச்சடிக்க இடம் இருந்தது. அத்தனை பேரையும் ஆளாக்கிய வேலை அந்தப் பலகையில் எங்கேயும் இல்லை. இறப்பைப் பதிகிற பாரத்திலும் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இல்லத்தரசி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். அந்த ஒரு சொல்லோடு, அரசாங்கத்திலும் அவள் சுற்றிய கடைசிப் பீடி வரைக்கும் அழிந்துபோனது. கடைக்காரர் எழுதாமல் விட்டதை நீ எழுத்தில் முடித்துக் கொடுத்தாயே, அண்ணா!

அம்மா எனக்குச் சின்ன வயதில் திருமலைக்கோயில் படியேறும்போதெல்லாம் சிவகாமி அம்மையார் கதை சொல்வாள். அச்சன்புதூர்க்காரி. பிள்ளை இல்லாதவள். முருகனையே பிள்ளையாக நினைத்து, அவனுக்காக மலைமேல் மண்டபம் கட்டக் கல் ஏற்றினாள் என்று சொல்வார்கள். அந்த அம்மா பேர் இன்றைக்கும் அந்தக் கோயிலில் நிற்கிறது. படியேறுகிற பெண்களெல்லாம் சொல்லிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். "பொம்பிள பட்ட பாட்ட முருகன் மறக்க மாட்டாம்ட்டி" என்று அம்மா மூச்சிரைக்கச் சொல்வாள். முருகன் மறக்காமல் இருக்கட்டும். மனுஷர் எப்படி இத்தனை சுலபமாக மறந்தீர்கள்?

நீங்கள் ஒரு பதில் வைத்திருப்பீர்கள் அண்ணாச்சி. நானும் கமிஷனுக்கு ஓடுகிறவன், கம்பெனி சொன்னதைச் செய்தேன் என்பீர்கள். கம்பெனியைக் கேட்டால் அது ஏஜெண்ட் பார்த்துக்கொள்கிற விஷயம் என்பார்கள். ஆபீசில் கேட்டால் பேரே இல்லாதவளுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்பார்கள். இருக்கட்டும். உங்கள் நெஞ்சைத் தொட்டு ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அவள் கட்டை எண்ணி எடுத்த ஒவ்வொரு நாளும், இது இன்னொருத்தி பேரில் ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

என் அம்மாவுக்கு இனி நீங்கள் எதையும் எழுத முடியாது. ஆனால் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் ஒருத்தி இருக்கிறாள். அம்மாவிடம் தொழில் படித்தவள். அவள் கட்டும் உங்கள் கடைக்குத்தான் வருகிறது, வேறொருத்தி பேரில்தான் ஏறுகிறது. அவளுக்கு இப்போது 47 வயது. பென்ஷனுக்குப் பத்து வருஷம் சர்வீஸ் வேண்டும், அதுவும் 58-க்குள். கணக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வருஷம் அவள் பேரை எழுதினால் அவளுக்கு உண்டு. அடுத்த தைப்பூசம் கழியட்டும், அதற்கடுத்தது கழியட்டும் என்று இழுத்தால் அவளுக்கும் இல்லை. நாளைக் காலையில் கட்டோடு அவள் உங்கள் கடைக்கு வருவாள், கூடவே நானும் வருவேன். நோட்டை எடுத்து வையுங்கள் அண்ணாச்சி.